வேப்பம்பட்டு வரை தூங்கிய அக்கா

நம் வயதுக்காரர்கள் நாலு பேர் கூடினால் இப்போதெல்லாம் பேச்சு எங்கே சுற்றினாலும் தூக்கத்தில்தான் வந்து நிற்கிறது. ஒருவருக்கு மூன்று மணிக்கே விழிப்புத் தட்டிவிடுகிறதாம். இன்னொருவருக்கு மாத்திரை போட்டால்தான் கண் மூடுகிறதாம். அது முடிந்ததும் எல்லாரும் சேர்ந்து வீட்டுப் பிள்ளைகளைப் பிடித்துக்கொள்வோம். "பதினைஞ்சு வயசுப் பையன், ஞாயித்துக்கிழமை பதினோரு மணி வரைக்கும் இழுத்துப் போத்திக்கிட்டுத் தூங்குறான். நாமெல்லாம் அப்படியா இருந்தோம்? நாலு மணிக்கு எழுந்து படிச்சோமே!" இந்த இடம் வந்ததும் நான் வாயை மூடிக்கொள்வேன். நாலு மணிக்கு எழுந்தோம் என்பது உண்மைதான். எழுந்து படித்தது எத்தனை பேருக்குத் தலையில் நின்றது என்பதை மட்டும் நம்மில் ஒருவரும் சொல்வதில்லை.

எங்கள் வீட்டில் அப்படி எழுந்தவள் என் அக்கா. ஒரு தை மாதத்திலிருந்து பங்குனி வரைக்கும் நடந்ததைச் சொல்கிறேன். பொறுமையாகக் கேளுங்கள். நடுவில் உங்களுக்குக் கண் சொருகினால் தூங்குங்கள், நான் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டேன்.

நெமிலிச்சேரியில் எங்கள் வீடு ஒரே அறை. ஒரு மூலையில் அடுப்பு, ஒரு மூலையில் டிரங்குப் பெட்டி, மிச்ச இடத்தில் நைனா, அம்மா, அக்கா, நான். நைனா அம்பத்தூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் தகடு வெட்டும் பிரஸ் ஓட்டினார். தகட்டை உள்ளே வைத்து, கையை எடுத்துவிட்டு, காலால் மிதியை அழுத்த வேண்டும். மேலிருந்து இரும்பு இறங்கி ஒரே அடி. கையை எடுப்பதற்குள் கால் அழுத்திவிட்டால் விரல் போய்விடும். அப்படி விரல் போனவர்கள் எங்கள் தெருவிலேயே இரண்டு பேர் இருந்தார்கள். இருவருமே வேலை நேரத்தில் கண் அசந்தவர்கள். அதனால் நைனாவுக்குத் தூக்கத்தின் மேல் ஒரு பயம், ஒரு பகை. வேலைக்குக் கிளம்பும்போது சட்டைப் பையில் தைலப் புட்டி இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்துக்கொள்வார். கண் சொக்கும்போது விரல் நுனியில் எடுத்துக் கண்ணுக்குக் கீழே ஒரு கோடு இழுத்துக்கொள்வாராம். அந்த எரிச்சலில் யாருக்கும் தூக்கம் வராது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நைட் ஷிஃப்ட் முடித்து அவர் பகலில் படுத்திருக்கும்போது வீட்டில் ஒரு கரண்டி விழக் கூடாது. ஜன்னலுக்குக் கோணிச் சாக்கு கட்டி அம்மா வெளிச்சத்தை மறைப்பாள். வாசலில் கூவும் உப்புக்காரனை ஓடிப்போய் வாயைப் பொத்தாத குறையாக நிறுத்துவாள். ஒரு மனிதனுக்குத் தூக்கம் எவ்வளவு முக்கியம் என்று எங்கள் வீட்டுக்கு நன்றாகவே தெரியும். அது அக்காவுக்கும் முக்கியம் என்பதுதான் ஒருவருக்கும் தோன்றவில்லை.

அக்கா பத்தாம் வகுப்பு. அம்பத்தூரில் பெண்கள் பள்ளி. பட்டாபிராம் வரை நடந்து, அங்கிருந்து மின்சார ரயிலில் போய்வருவாள். ஒன்பதாவது வரை வகுப்பில் முதல் இடம். கணக்கு அவளுக்கு விளையாட்டு. அடுப்புக் கரியால் சுவரில் வட்டம் போட்டு எனக்கு விளக்கிச் சொல்வாள்; அம்மா இருவரையும் சேர்த்துத் திட்டுவாள். வாயும் சும்மா இருக்காது. தெருவில் யார் நடந்தாலும் அந்த நடையை அப்படியே நடந்து காட்டி என்னைச் சிரிக்க வைப்பாள். எங்கள் சொந்தத்தில் அதுவரை எந்தப் பெண்ணும் பத்தாவது தாண்டியதில்லை. நைனாவைப் பெற்றவர்கள் அடுத்தவன் வயலில் கூலிக்கு நாற்று நட்டவர்கள். அந்தச் சேற்றிலிருந்து தான் முதலில் காலை எடுத்ததாகவும், மகள் டீச்சராகிவிட்டால் இரண்டு காலும் வெளியே வந்துவிடும் என்றும் நைனா அடிக்கடி சொல்வார்.

"பாஸாயிட்டா நீ எவ்ளோ வேணா படி. ஃபெயிலாயிட்டனா கம்பெனிதான், சொல்லிட்டேன்" என்பார். மிரட்டலாகச் சொன்னதில்லை. இருப்பதைச் சொன்னார். அக்காவும் தலையை ஆட்டுவாள்.

அரையாண்டுத் தேர்வில் அக்கா இரண்டாம் இடத்துக்கு இறங்கினாள். அவ்வளவுதான். பொங்கல் முடிந்த மறுநாளிலிருந்து நைனா அவளை நாலு மணிக்கு எழுப்பத் தொடங்கினார். கத்தி எழுப்ப மாட்டார், அடிக்கவும் மாட்டார். தவலைத் தண்ணீரில் கையை நனைத்துக்கொண்டு வந்து அவள் முகத்தில் வைப்பார். தை மாதத் தண்ணீர். "எயுந்துரும்மா கண்ணு, எயுந்துரு" என்று கெஞ்சுகிற குரலில் சொல்வார். அக்கா விருட்டென்று எழுந்து உட்கார்ந்து, எங்கே இருக்கிறோம் என்று தெரியாமல் எங்கள் எல்லாரையும் பார்ப்பாள். இரவு அவள் புத்தகத்தை மூடுவதற்குள் தெருவில் எல்லா வீடும் அடங்கியிருக்கும். இந்தக் கணக்கை யாரும் போட்டுப் பார்க்கவில்லை. கணக்கில் புலியான அவள்கூடப் பார்க்கவில்லை.

முதல் சில நாள் அவளுக்கே பெருமையாக இருந்தது. அம்மா போட்டுக் கொடுக்கும் கருப்பு டீ, மண்ணெண்ணெய் அடுப்பின் வாசம், தூரத்தில் சரக்கு ரயில் பெட்டிகள் இடித்துக்கொள்ளும் ஓசை, மஞ்சள் பல்புக்குக் கீழே பெரிய மனுஷி மாதிரி அவள். நான் போர்வைக்குள்ளிருந்து ஒரு கண்ணால் பார்த்துப் பொறாமைப்பட்டிருக்கிறேன். பிறகு மெல்ல மெல்ல மாறினாள். ஒரே பக்கத்தை மறுபடி மறுபடி படித்தாள். குழம்பில் உப்பை இரண்டு தரம் போட்டாள். கைப்பம்பு அடிக்கும்போது குடம் நிரம்பி வழிவதைப் பார்த்துக்கொண்டே அடித்துக்கொண்டிருந்தாள். என் ஹேர்பின் ஒன்றை நான் எடுத்ததற்கு, அது என்னுடையது என்று தெரிந்தும், என்னைக் கீழே தள்ளிவிட்டு, பிறகு அவளே உட்கார்ந்து விக்கி விக்கி அழுதாள். யார் நடையையும் நடந்து காட்டுவது நின்றுபோனது. "இன்னா, பெரிய மனுசி ஆயிட்டா, கொணம் மாறுது" என்றாள் அம்மா. வீட்டுக்கு வந்து போன சித்தி திருஷ்டி என்றாள். உப்பும் மிளகாயும் சுற்றிப் போட்டார்கள்.

திருப்புதல் தேர்வில் மார்க் இன்னும் இறங்கியது. நைனா யோசித்தார். அவருக்குத் தெரிந்த ஒரே வைத்தியம், இன்னும் கொஞ்சம் முன்னால் எழுப்புவது. மார்க் குறையக் குறையத் தூக்கத்தையும் குறைத்தார்கள். அக்கா உட்கார்ந்தபடியே சாயத் தொடங்கியதும் தன் தைலப் புட்டியை எடுத்து அம்மாவிடம் கொடுத்தார். அம்மாதான் அவள் கண்ணுக்குக் கீழே தடவிவிடுவாள், குழந்தைக்கு மை இடுவதைப் போல, முகவாயைப் பிடித்துக்கொண்டு. அக்காவுக்குக் கண்ணீராகக் கொட்டும். பள்ளிக்கூடம் போகிறவரைக்கும் கண் சிவந்தே இருக்கும்.

மாசி மாதத்தில் ஒருநாள் வகுப்பு டீச்சர் அம்மாவைக் கூப்பிட்டு அனுப்பினார். நானும் கூடப் போனேன். டீச்சர் நல்லவர், அக்காவின் மேல் உண்மையிலேயே பிரியம் வைத்திருந்தவர். குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார்.

"உங்க பொண்ணு கண்ணைப் பார்த்தீங்களா? தினமும் அழுதுட்டுத்தான் கிளாசுக்கு வர்றா. கேட்டா ஒண்ணுமில்லைங்கிறா. பாடத்துல மனசே இல்ல. நான் எத்தனையோ பொண்ணுங்களைப் பார்த்துட்டேன்மா. இது படிப்புக் கவலை மாதிரி தெரியல."

"எங்க ஊட்ல அப்டிலாம் இல்ல டீச்சர்" என்றாள் அம்மா.

"வீட்டுல இல்ல. வெளியில. வயசு அப்படி. கொஞ்சம் கவனிங்க."

நான் அம்மாவின் புடவையைப் பிடித்து இழுத்தேன். தைலம் என்று சொல்லச் சொன்னேன். அம்மா என் கையைத் தட்டிவிட்டாள். அன்று காலையில் தன் கையாலேயே தடவிவிட்டவள், படித்தவர் ஒருவர் சொன்னதும் அந்தத் தைலத்தைச் சுத்தமாக மறந்துபோனாள். இத்தனை வருஷம் கழித்தும் எனக்கு ஆறாத கோபம் அதுதான்.

நெருப்புப் பற்றிக்கொண்டது. அக்கா தினமும் ஒரு மணி நேரம் தாமதமாக வருவது அப்போதுதான் அம்மாவுக்கு உறைத்தது. அக்கா ஸ்பெஷல் கிளாஸ் என்று சொல்லிக்கொண்டிருந்தாள். அப்படி ஒன்று கிடையாது என்று மறுநாளே தெரிந்துவிட்டது. அந்த வாரமே எதிர் வீட்டு சார் வந்து வாசலில் நின்றார். தெற்கத்திப் பக்கமிருந்து வந்து எங்கள் தெருவில் வாடகைக்கு இருந்தவர், ஏதோ அலுவலகத்தில் குமாஸ்தா. அப்போது வேப்பம்பட்டில் வயலைக் கூறு போட்டு மனை விற்றுக்கொண்டிருந்தார்கள். அவர் ஒரு மனை வாங்கிப் போட்டுவிட்டு, எல்லைக் கல்லை யாராவது நகர்த்திவிட்டார்களா என்று பார்ப்பதற்கே அடிக்கடி போய்வருவார்.

"சொல்றதா வேண்டாமான்னு நேத்துலேர்ந்து யோசனை" என்று ஆரம்பித்தார். "உங்க பெரிய பொண்ணை வேப்பம்பட்டு ஸ்டேஷன்ல பார்த்தேன். பெஞ்சுல தனியா உக்காந்திருந்தா. யாருக்கோ காத்திருக்கிற மாதிரி இருந்துச்சு. நமக்கும் பொம்பளைப் பிள்ளைங்க இருக்கு, மனசு கேக்கல."

பட்டாபிராமில் இறங்க வேண்டியவள், அதையும் தாண்டி, திருநின்றவூரையும் தாண்டி, வேப்பம்பட்டில் என்ன செய்கிறாள்? அன்றைக்கு வேப்பம்பட்டில் ரயில் நிலையத்தை விட்டால் பொட்டலும் எல்லைக் கல்லும்தான். அங்கே ஒரு பெண்ணுக்கு வேலையே கிடையாது.

அக்கா வந்தாள். பையைக்கூட இறக்கவில்லை.

"வேப்பம்பட்டுல இன்னா வேல உனுக்கு?" என்றார் நைனா.

அக்கா அவரைப் பார்த்தாள், அம்மாவைப் பார்த்தாள். "தூங்கிட்டேன் நைனா."

"இன்னா?"

"ரயில்ல குந்துனா தூக்கம் வந்துடுது. எறங்க முடில. வேப்பம்பட்டு வந்தப்பறம் எய்ப்பி உடுறாங்க. அப்பால இந்தாண்ட ரயிலு புடிச்சி வரேன்."

"தெனிக்குமா?"

"தெனிக்கும்தான்."

எதிர் வீட்டு சார் மெல்லச் சிரித்தார். நைனா சிரிக்கவில்லை. "தூங்கறதுக்கு எவளாச்சும் வேப்பம்பட்டு போவாளா? பொய் சொன்னாலும் ஒரு இதுவா சொல்லு" என்றார். அக்காவுக்கு நின்றுகொண்டிருக்கவே முடியவில்லை என்பது எனக்குத் தெரிந்தது. அதையும் அவர்கள் குற்றமுள்ள நெஞ்சு என்று எடுத்துக்கொண்டார்கள்.

நைனா அன்று சாப்பிடவில்லை. இனிமேல் பள்ளிக்கூடம் வேண்டாம் என்றார். பரீட்சைக்கு இன்னும் கொஞ்ச நாள்தான் இருந்தது. அம்மா தன் தம்பிக்குச் சொல்லி அனுப்பலாம் என்றாள். அவருக்கு அக்காவைக் கட்டிக்கொடுப்பதாக எப்போதோ ஒரு பேச்சு இருந்தது. அக்கா மூலையில் சுவரோடு சாய்ந்து அதையெல்லாம் கேட்டுக்கொண்டே தூங்கிவிட்டாள். தன் வாழ்க்கையை வைத்துப் பேசிக்கொண்டிருக்கும்போது இவளுக்குத் தூக்கம் வருகிறதே என்று அம்மா தலையில் அடித்துக்கொண்டாள்.

ஆனால் நைனாவுக்கு மனது கேட்கவில்லை. டீச்சர் ஆக்க வேண்டும் என்று ஆசைப்பட்ட மகள். கடைசியாக ஒருமுறை கண்ணால் பார்த்துவிட்டு முடிவு செய்யலாம் என்று இரண்டு நாள் கழித்து அவளைப் பள்ளிக்கு அனுப்பினார். தானும் லீவு போட்டார். சாயங்காலம் என்னையும் கூட்டிக்கொண்டு அம்பத்தூர் ஸ்டேஷனுக்கு வந்தார். பெண்கள் பெட்டியில் அவர் ஏற முடியாது. என்னை அதில் ஏற்றி ஒரு கோடியில் உட்கார வைத்துவிட்டு, அடுத்த பெட்டியில் ஏறி, நடுவில் இருந்த கம்பி வலைக்குப் பின்னால் வந்து நின்றுகொண்டார். யாராவது பையன் வருகிறானா என்று பிளாட்பாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் கை அந்த வலையைப் பிடித்திருந்த பிடியைப் பார்த்து எனக்குப் பயமாக இருந்தது.

அக்கா வந்தாள். யாரையும் பார்க்கவில்லை. பட்டணத்தில் கீரை விற்றுவிட்டுக் காலிக் கூடையோடு திரும்பும் ஓர் அம்மாள் ஜன்னல் ஓரம் உட்கார்ந்திருந்தார். வெற்றிலைச் சாறு படிந்த உதடு. அக்காவைப் பார்த்ததும் பேசாமல் நகர்ந்து இடம் கொடுத்தார். அக்கா பையை மடியில் வைத்துக்கொண்டாள். திருமுல்லைவாயல் வருவதற்குள் தலை சாய்ந்துவிட்டது. அந்த அம்மாள் திரும்பிக்கூடப் பார்க்காமல் தோளைக் கொஞ்சம் இறக்கிக் கொடுத்தார்.

ஆவடியில் கூட்டம் ஏறியது, இறங்கியது. முறுக்கு விற்பவர் காதருகே கத்திவிட்டுப் போனார். அக்காவின் வாய் லேசாகத் திறந்திருந்தது. எச்சில் ஒழுகி அந்த அம்மாளின் ஜாக்கெட்டை நனைத்தது. அவள் முகத்தை அத்தனை நிம்மதியாக நான் பார்த்துப் பல வாரம் ஆகியிருந்தது. பட்டாபிராம் வந்தபோது அந்த அம்மாள், "யம்மாடி, உன் ஸ்டேஷன் வந்துச்சி பாரு" என்று ஒருமுறை உலுக்கிப் பார்த்தார். அக்கா அசையவில்லை. ரயில் கிளம்பிவிட்டது. நான் வலைக்குப் பின்னால் பார்த்தேன். நைனா வலையிலிருந்து கையை எடுத்திருந்தார். சிரித்துக்கொண்டிருந்தார். கண்ணில் தண்ணீர் நின்றது, ஆனால் சிரித்துக்கொண்டிருந்தார்.

வேப்பம்பட்டில் அந்த அம்மாள் இறங்க வேண்டும். அதனால் அக்காவையும் எழுப்பிக் கைப்பிடித்து இறக்கினார். இறங்கியதும் எதிரே நைனா. அக்கா அப்படியே நின்றுவிட்டாள்.

"நீதான் இதும் அப்பனா?" என்றார் கீரைக்கார அம்மாள். "தெனிக்கும் என் தோளு மேலதான்யா தூங்குது. பாரு, ஜாக்கெட்டெல்லாம் எச்சி. ஊட்ல போயி எம் மருமவ கேக்குறா, இன்னாது இதுன்னு."

"பரிச்ச வருதும்மா. படிச்சிகினு கீது" என்றார் நைனா. அந்தக் குரலில் இருந்த சந்தோஷத்தை என்னவென்று சொல்வது! அந்த அம்மாளைக் கையெடுத்துக் கும்பிட்டார்.

அந்த சாயங்காலம்போல எங்கள் வீட்டில் இன்னொன்று வந்ததில்லை. ஸ்டேஷன் வாசலில் ஒரு தள்ளுவண்டியில் நைனா எங்களுக்கு போண்டா வாங்கிக் கொடுத்தார். "தூக்கம்தானா! நான் இன்னா இன்னாவோ நெனச்சிட்டேன்டா கண்ணு" என்று அக்காவின் தலையைத் தடவினார். அக்காவும் சிரித்தாள். வீட்டுக்கு வந்து சொன்னதும் அம்மா அங்கேயே கற்பூரம் ஏற்றினாள். எதிர் வீட்டு சாருக்குக் கேட்க வேண்டும் என்றே வாசலில் நின்று உரக்க, "வெறும் தூக்கந்தானாம்! கொயந்த ரயில்ல தூங்கிட்டு வந்துகினு கீது, அத்தப் போயி" என்றாள். பள்ளிக்கூடம் நிறுத்துகிற பேச்சும் மாமா பேச்சும் அன்றோடு போயின. நானும் சந்தோஷப்பட்டேன். பையன் இல்லை என்று தெரிந்த மகிழ்ச்சியில், பதினைந்து வயதுப் பெண் ஒருத்தி தினமும் செத்த பிணம்போல ரயிலில் விழுந்து கிடக்கிறாள் என்பது எங்கள் யார் கண்ணிலும் படவில்லை. பார்த்தோம், மூவருமே பார்த்தோம். வெறும் தூக்கம் என்று பெயர் வைத்துவிட்டு நிம்மதியாகப் படுத்தோம்.

மறுநாளும் அவள் முகத்தில் ஈரக் கை வைக்கப்பட்டது.

அதோடு நிற்கவில்லை. பரீட்சை நெருங்குகிற நேரத்தில் தினமும் ஒரு மணி நேரம் வேப்பம்பட்டுப் போய்வருவதில் வீணாகிறதே என்று நைனா வருத்தப்பட்டார். முதல் ஷிஃப்ட் வாரத்தில் அவரே ஸ்டேஷனில் காத்திருந்து, பொதுப் பெட்டியில் தன்னோடு ஏற்றிக்கொண்டார். உட்கார்ந்தால் தூங்கிவிடுவாள் என்று கம்பியைப் பிடித்து நிற்க வைத்து, கையில் புத்தகத்தையும் கொடுத்தார். அவருக்கு வேறு ஷிஃப்ட் வரும் வாரங்களில் அம்மா நெமிலிச்சேரியிலிருந்து கிளம்பி அம்பத்தூர் வரை போய் அவளை அழைத்து வந்தாள். வழியெல்லாம் விடாமல் பேச்சுக் கொடுத்துக்கொண்டே வருவாள். இரண்டு பேரும் படாத பாடுபட்டார்கள். அவ்வளவு பாடுபட்டு அவளிடம் மிச்சமிருந்த ஒரே தூக்கத்தையும் பிடுங்கிக்கொண்டார்கள். அதை அன்பு இல்லை என்று என்னால் இன்றைக்கும் சொல்ல முடியாது.

தமிழும் ஆங்கிலமும் எப்படியோ எழுதிவிட்டு வந்தாள். கணக்குப் பரீட்சை அன்று நைனா அவள் நெற்றியில் விபூதி இட்டு, அம்மா கண்ணுக்குக் கீழே தைலம் தடவி, அனுப்பினார்கள். மத்தியானம் வந்தவள் வாசல்படியில் உட்கார்ந்துவிட்டாள். அவள் பாவாடையில் மை கொட்டியிருந்தது.

"எப்டிம்மா எய்தின?" என்று அம்மா கேட்டாள்.

"மூணு கணக்கு போட்டேன். அப்பால தெரில. எய்ப்பி பேப்பர புடுங்கிட்டாங்க."

மூன்றாவது கணக்குக்கும் மணி அடித்ததற்கும் நடுவில் அவள் தூங்கியிருக்கிறாள். ஹாலில் இருந்த மேற்பார்வையாளர் பார்த்திருக்கிறார். நன்றாகப் படிக்கிற பெண், சீக்கிரம் முடித்துவிட்டுத் தலை கவிழ்ந்திருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டாராம். மற்றப் பிள்ளைகள் பிறகு சொன்னார்கள், சத்தம் போட்டவர்களை அவர் அதட்டி அடக்கினாராம். அந்தப் பருவம் முழுவதும் அக்காவைத் தூங்கவிட்ட பெரியவர்கள் கீரைக்கார அம்மாளும் அவரும்தான்.

ரிசல்ட் மாலைப் பேப்பரில் வந்தது. நைனா எண்களை விரலால் தடவித் தடவித் தேடினார். இல்லை என்று தெரிந்த பிறகும் மேலிருந்து மறுபடி தடவினார். கோபிக்கவில்லை. இரண்டு நாள் கழித்து அவரே சொன்னார்: "கணக்குதான போச்சி. திருப்பி எய்தும்மா. நான் இன்னும் நல்லா பாத்துக்கறேன். மூணு மணிக்கே எய்ப்பி உடுறேன்."

அக்கா பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தாள். கையைக் கழுவிக்கொண்டு எழுந்து வந்தாள்.

"தூங்க உடுறியா நைனா? எய்துறேன்."

அழவில்லை. சண்டைக்கும் நிற்கவில்லை. கடையில் ஒரு சாமான் இருக்கிறதா என்று கேட்பதைப் போலக் கேட்டாள். நைனாவுக்கு அது விளங்கவே இல்லை என்பதை அவர் முகம் காட்டியது. "தூங்கினா எப்டிம்மா பாஸாவறது?" என்று உண்மையாகவே திருப்பிக் கேட்டார். அவர் கேட்டதில் கேலி இல்லை, கோபம் இல்லை. தெரியாமல்தான் கேட்டார். அக்கா, "அப்ப வோணாம்" என்று பாத்திரத்துக்குத் திரும்பிவிட்டாள். அவள் படிப்பு அந்த இரண்டு வார்த்தையில் முடிந்தது.

ஆனி மாதத்தில் எஸ்டேட்டில் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் சட்டைக்குக் காலர் தைக்கப் போனாள். ஒரு மாதத்திலேயே முகம் தெளிந்தது. குழம்பில் உப்பு சரியாக விழுந்தது. கம்பெனி சூப்பர்வைசரின் நடையை நடந்து காட்டி என்னைச் சிரிக்க வைத்தாள். பார்த்தாயா, வேலைக்குப் போனதும் பொறுப்பு வந்துவிட்டது, குணமும் சரியாகிவிட்டது என்று அம்மா தெருவெல்லாம் சொன்னாள். அவள் ராத்திரி முழுக்கத் தூங்குகிறாள் என்பதை யாரும் காரணமாகச் சொல்லவில்லை. கல்யாணம் பின்னால் வேறு இடத்தில் நடந்தது. இன்றைக்கு மருமகள் எடுத்தவள், நன்றாக இருக்கிறாள். கேட்டால், "எனக்கு அப்ப மண்டையில ஒண்ணும் ஏறல" என்றுதான் சொல்வாள். தன்னை மக்கு என்றே நம்பிக்கொண்டிருக்கிறாள். எனக்கு வட்டத்தின் பரப்பளவைக் கரியால் போட்டுக் காட்டியவள்!

நான் பத்தாம் வகுப்புக்கு வந்தபோது அரையாண்டில் எனக்கும் மார்க் குறைந்தது. பொங்கல் கழிந்த மறுநாள், விடிவதற்கு முன், நைனா ஈரக் கையோடு என் பக்கம் வந்தார். நான் விழித்துக்கொண்டுதான் இருந்தேன். பயத்தில் கண்ணை இறுக்கி மூடியிருந்தேன். கை முகத்தில் படவில்லை. எனக்கும் அவருக்கும் நடுவில் அக்கா எழுந்து உட்கார்ந்திருந்தாள்.

"அவள எய்ப்பாத நைனா."

"பரிச்சம்மா..."

"அவ தூங்கட்டும். தூங்கிட்டே பாஸாவட்டும். ஆவலன்னா நான் சம்பாரிச்சுப் போடறேன், உனுக்கு இன்னா?"

அக்கா அப்படி எதிர்த்துப் பேசி நாங்கள் கேட்டதில்லை. நைனா ஈரக் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு போய்ப் படுத்துவிட்டார். அதற்கப்புறம் அவர் என்னை எழுப்பவே இல்லை. நான் விடிந்த பிறகு எழுந்தேன், படித்தேன், பாஸானேன், மேலே படித்தேன். இன்று உங்கள் நடுவில் உட்கார்ந்து நாலு வார்த்தை எழுதத் தெரிந்தவளாக இருக்கிறேன்.

அக்காவுக்கு அப்போது முதல் ஷிஃப்ட். அஞ்சு மணிக்கெல்லாம் கிளம்ப வேண்டும். லைட்டைப் போட மாட்டாள். இருட்டிலேயே தலை வாரிக்கொள்வாள். டிபன் டப்பாவைப் புடவைத் தலைப்பில் சுற்றி எடுத்துக்கொள்வாள், மூடி இடித்துச் சத்தம் வரக் கூடாது என்று. என்னைத் தாண்டும்போது புடவையைச் சற்றுத் தூக்கிப் பிடித்துக்கொள்வாள். கதவைத் திறந்து, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, வெறுங்காலோடு அந்தப் பனியில் தெரு முனை வரைக்கும் நடந்து போய் அங்கேதான் காலில் போட்டுக்கொள்வாள். நான் ஒரே ஒருநாள் எழுந்து வந்து கதவிடுக்கில் நின்று பார்த்தேன். திரும்பிப் போய்ப் படுத்துக்கொண்டேன். அவள் அத்தனை பாடுபட்டு எனக்குக் கொடுத்ததைத் தூங்காமல் கெடுக்கக் கூடாது என்று கண்ணை மூடிக்கொண்டேன்.